நாலாம் நம்பர் அறையின் காலிக் கட்டில்

கல்லூரி மாணவர் பேரவை மலருக்கு இசைவாணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். "நீங்கதானேக்கா அவுங்களுக்கு மொத அக்கா, நீங்க எழுதினாதான் நல்லா இருக்கும்" என்று போனில் சொன்ன பெண்ணுக்கு என் அன்பு. அந்தப் பெண்ணுக்கு விவரம் தெரியாது. தெரிந்திருந்தால் என்னை விட்டுவிட்டு வேறு யாரையாவது பிடித்திருப்பாள்.

இசைவாணியைக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எதையெல்லாம் எழுதப் போகிறேன் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "எழுதுங்கக்கா. இந்த வாட்டி கேட்டுட்டுதானே செய்றீங்க" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் காது சுட்டது.

இரண்டு பக்கத்துக்குள் வராது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நான் பெருமையடித்துக்கொள்ளும் இடங்களை வெட்டுங்கள். மற்றதில் கை வைத்தால் சண்டைக்கு வருவேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்கள் பழைய வார்டனைக் கேட்டால் சொல்வார்.

நான் கயல்விழி. ஊர் காடாம்புலியூர். முந்திரித் தோப்பும் பலா மரங்களுமாக, ஊரில் நாலு பேர் மதிக்கிற குடும்பம். சிதம்பரத்துக்கு வெளியே புவனகிரி சாலையில் இருக்கும் நம் கல்லூரியில் 2004ல் பி.காம். சேர்ந்தேன். சேர்ந்த அன்று அப்பா என்னையும் ஒரு பச்சைத் தகரப் பெட்டியையும் விடுதி வாசலில் இறக்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். யாரைக் கேட்பது, எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் மத்தியானம் வரை அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். சீனியர் அக்காமார்கள் வந்து பாடச் சொன்னார்கள். பாடினேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். அம்மா வறுத்துக் கொடுத்த முந்திரியை என் கண் முன்னாலேயே தின்று தீர்த்துவிட்டு, நடுவில் ஒருத்தி "உப்பு ஜாஸ்தி" என்று குறை வேறு சொன்னாள்.

அந்த ஆத்திரத்தில்தான் மாணவர் பேரவைக்குள் நுழைந்தேன். சேவை மனப்பான்மை, அது இது என்று மேடையில் பின்னாளில் பேசியதெல்லாம் சும்மா. முந்திரிதான் காரணம்.

நான் உள்ளே போனபோது பேரவை என்றால் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுகிற கூட்டம், அவ்வளவுதான். நாங்கள் சில பேர் விடாப்பிடியாக நின்று அதை மாற்றினோம். பெண்கள் விடுதியில் குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவ வைத்தோம். கல்லூரி வாசலில் நிற்காமல் பறந்த கடலூர் பஸ்ஸை டெப்போவுக்கே போய்ப் பேசி நிற்க வைத்தோம். எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் அக்கா முறை. புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தியை அக்காவாகப் பேரவையே நியமிக்கும். தங்கச்சியின் பெட்டியை அக்காதான் அறை வரை தூக்கிப்போக வேண்டும். முதல் மாதம் முழுக்க மெஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். ஒரே வருஷத்தில் ராகிங் கால்வாசிக்கு வந்துவிட்டது. அக்கா என்று ஆன பிறகு எவளும் தங்கச்சியைப் பாடச் சொல்ல முடியவில்லை.

2006ல் நான் பேரவைச் செயலாளர். தலைவர் அருண்பாண்டியன், கம்மாபுரத்துக்காரன், எதற்கும் பதறாதவன். அவன் கையெழுத்துப் போடுவான், நான் பேசுவேன். அறை ஒதுக்குகிற குழுவிலும் நான்தான் இருந்தேன். வார்டன் ராசம்மாள் மேடம், "கயல்விழி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் தருவார். இருபது வயதில் இவ்வளவு அதிகாரம் கையில் கிடைத்தால் தலை எங்கே நிற்கும்?

அந்த ஜூலையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், கட்டணக் கழிப்பறைச் சுவரோரம், ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். புதிய மாணவர்களை வரவேற்கிறோம் என்று மேலே துணி கட்டியிருந்தது. அங்கேதான் இசைவாணி வந்து இறங்கினாள். கையில் ஒரு கட்டைப் பை. கூட அவள் அப்பா லூர்துசாமி. மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அன்றைக்கென்று துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், மடிப்பு கலையவில்லை.

மற்றப் பிள்ளைகள் வந்ததும் ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, டிவி உண்டா என்று கேட்பார்கள். இவள் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"அக்கா, ஹாஸ்டல்ல யாரு கூட யாரு தங்கணும்னு யாரு முடிவு பண்ணுவாங்க?"

"நாங்கதான். பேரவை. இன்னாத்துக்குக் கேக்கற?"

"இல்லக்கா, சும்மாதான்" என்றாள். அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, "அப்ப சரிக்கா" என்றாள். அந்த 'அப்ப சரி'யில் அவள் எவ்வளவு பாரத்தை என் மேசையில் இறக்கி வைத்தாள் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை. மொக்கை. சுத்த மொக்கை நான்.

லூர்துசாமி என்னிடம், "பாப்பாவப் பாத்துக்கங்கம்மா. வூட்ட வுட்டு வெளிய தங்கனதில்ல" என்றார். தன் மகள் வயது எனக்கு, ஆனாலும் 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

"நீங்க கவலப்படாம போங்கப்பா. நான் இருக்கேன்ல" என்றேன். இவளுக்கு நானே அக்காவாக இருப்பது என்று அந்த இடத்திலேயே பட்டியலில் எழுதிக்கொண்டேன். அவளுடைய பையை நான்தான் விடுதிக்குத் தூக்கி வந்தேன். அது மட்டும் நிஜம்.

முதல் ஆண்டுப் பெண்கள் மூன்று பேரோடு மாடி அறை ஒன்றில் அவளைப் போட்டோம். ஒரு வாரம் கழித்து மெஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். "ரூம்ல மொத நாளே நீ என்ன ஆளுன்னு கேட்டாங்கக்கா. கிறிஸ்டியன்னு சொன்னேன். அதோட வுட்டுட்டாங்க." கட்டில் கம்பியில் அவள் மாட்டியிருந்த ஜெபமாலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பரீட்சைக்கு எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள் என்று அந்த மூவரும் கேட்டார்களாம். ஊறுகாயிலிருந்து சீப்பு வரைக்கும் நாலு பேருக்கும் பொது. அவள் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. பிறந்ததிலிருந்து கேட்கப்பட்டு வந்த ஒரு கேள்விக்கு, பொய் சொல்லாமலே தப்பித்துக்கொள்கிற ஒரு பதில் அவளுக்குக் கிடைத்திருக்கிறது என்பது நானும் புரிந்துகொண்டதுதான். புரியவில்லை என்று இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

இனி அந்த வரவேற்பு விழா மேடைக்கு வருகிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அரசு உதவித்தொகைக்கான படிவங்கள் அப்போதெல்லாம் ஆபீசில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். புதிய பிள்ளைகளுக்கு விஷயமே தெரியாது. தெரிந்து கேட்கிறவர்களையும் நாளைக்கு வா, திங்கட்கிழமை வா என்று அலைக்கழிப்பார்கள். கடைசித் தேதி போய்விடும். வருஷா வருஷம் இதே கதை. அந்த வருஷம் நான் முதல்வர் அறை வாசலில் இரண்டு நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படிவங்களையும் பெயர்ப் பட்டியலையும் முன்கூட்டியே பேரவை கைக்கு வாங்கினேன். 2006ல் ஒரு பிள்ளைக்குக்கூடத் தேதி தவறவில்லை. இது பெருமையடிக்கிற இடம்தான், வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வரவேற்பு விழாவில், மேடைக்கே கூப்பிட்டு, ஒவ்வொருவர் கையிலும் படிவத்தையும் ஒரு ரோஜாப் பூவையும் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எனக்கேதான். அருண்பாண்டியன் மட்டும் கொஞ்சம் இழுத்தான்.

"கயலு, மைக்ல வேணுமா? போர்டுல கூட வேணாம். தனியா கூப்ட்டுக் குடுத்துடலாமே."

"மறைக்கிறதுக்கு இதுல இன்னா இருக்கு? கவர்மெண்டு குடுக்கற உரிமை. தல நிமுந்து வந்து வாங்கட்டும்" என்றேன். என்னைப் போல் முற்போக்கானவள் மூன்று தாலுகாவிலும் கிடையாது என்று எனக்கு நினைப்பு. அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்தவள் தலையை நிமிர்த்தி வைக்க எனக்கு என்ன நோகிறது?

வெள்ளிக்கிழமை மத்தியானம். அரங்கம் நிறைந்திருந்தது. பட்டியலின் தலைப்பை முதலில் வாசித்தேன். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவ மாணவியருக்கான உதவித்தொகை என்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, என் கணீர்க் குரலில். அப்புறம் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள். பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். யாரும் தலையை நிமிர்த்தவில்லை. பூவை வாங்கிக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார்கள். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேல்பட்டாம்பாக்கம் எல். இசைவாணி" என்று வாசித்தேன். யாரும் எழவில்லை. இன்னொரு முறை வாசித்தேன். ஆறாவது வரிசையில், அறைத் தோழிகள் மூவருக்கு நடுவில், குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன். என் தங்கச்சி ஆயிற்றே, விடுவேனா?

"இசை, ஒன்னத்தான். வெக்கப்படாத வா. இங்க பாருங்கப்பா, எங்க தங்கச்சி ரொம்ப வெக்கப்படுறா, நல்லா கை தட்டுங்க" என்று மைக்கில் கேலி செய்தேன். அரங்கமே சிரித்தது. எல்லாத் தலையும் ஆறாவது வரிசைக்குத் திரும்பியது.

எழுந்து வந்தாள். என் கையிலிருந்து படிவத்தை வாங்கினாள். பூவை வாங்கவில்லை. அந்தப் பூ என் கையிலேயே இருந்தது. அடுத்த பெயருக்குரிய பையனுக்கு அதைக் கொடுத்தேன்.

விடுதியில் யாரும் சண்டை போடவில்லை, ஏசவில்லை. அதெல்லாம் நடந்திருந்தால் நான் சிங்கம் மாதிரி பாய்ந்திருப்பேன். ஊறுகாய் பாட்டில் அவரவர் அலமாரிக்குப் போயிற்று. அவள் மொண்டு வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. ஜெபத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நாலாம் நாள் அந்த மூன்று பேரும் அறை மாற்றம் கேட்டு மனுக் கொடுத்தார்கள். படிப்பதற்கு வெளிச்சம் போதவில்லை என்று மூன்று மனுவிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. அந்த அறைக்கு இரண்டு ஜன்னல். மனு என்னிடம்தான் வந்தது. காரணம் எனக்குத் தெரியும். கேட்டால் ரசாபாசமாகும், பேரவைக்குக் கெட்ட பெயர் வரும் என்று கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் மாறிப் போன மறுநாள் சாயங்காலம் இசைவாணி என் அறைக்கு வந்தாள். தரைத்தளத்தில் நாலாம் நம்பர் அறை. மூன்றாம் ஆண்டு அறைகளில் இரண்டு கட்டில். என் கூட இருந்தவள் கல்யாணமாகிப் படிப்பை விட்டுப் போய்விட்டதால் ஜன்னலோரக் கட்டில் காலி. வாசல்படியில் நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, மாடில தனியா இருக்கேன். படுத்தா தூக்கம் வரல. இந்தக் கட்டில்ல நான் இருந்துக்கட்டுமா? ஒங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன். இல்லன்னா அப்பா வந்து கூட்டிக்கினு போறேன்னு சொல்றாரு."

இதுதான் அவள் என்னிடம் கேட்டது. மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கட்டில் கேட்டாள். அது கிடைத்தால் விடுதியில் இருப்பாள். கிடைக்காவிட்டால் போய்விடுவாள். படிப்பே நின்றாலும் நிற்கும்.

என் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். என் அம்மா புஷ்பவள்ளி மாதம் இரண்டு ஞாயிறு தூக்குவாளியோடு வருவாள். வந்தால் அந்தக் காலிக் கட்டிலில்தான் உட்காருவாள், சாய்ந்துகொள்வாள். இவள் அங்கே இருந்தால் அம்மா முதலில் ஊரைக் கேட்பாள், அப்புறம் தெருவைக் கேட்பாள். அப்புறம்? கொண்டுவந்த குழம்பை மூடிக்கொண்டு போய்விடுவாளா, ஊரில் போய்ச் சொல்வாளா, மாமன் வீட்டில் பேசி வைத்திருக்கிற சம்பந்தம் என்னாகும்? ஐந்து நாள் முன்னால் உரிமை, தலை நிமிர்வு என்று முழங்கிய வாய்க்குள் இவ்வளவும் ஓடியது.

"நான் வார்டன்கிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவளிடம், "வார்டன் ஒத்துக்க மாட்டேங்கறாங்கடி. தேர்டு இயர் ரூம்ல ஃபர்ஸ்ட் இயர் தங்கக் கூடாதாம். ரூல்ஸாம்" என்றேன். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னேன். அப்படி ஒரு ரூலே கிடையாது.

"சரிக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

சனிக்கிழமை லூர்துசாமி வந்தார். அதே வெள்ளைச் சட்டை. கட்டைப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "நீங்க வார்டனம்மாகிட்ட எவ்ளோ போராடனீங்கன்னு பாப்பா சொல்லிச்சும்மா. ஒங்க மனசு யாருக்கு வரும்" என்று கும்பிட்டார். அப்பன் வயசு ஆள் கும்பிடுகிறார், நான் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். அந்த இடத்தில் என்னை யாராவது செருப்பால் அடித்திருக்கலாம். அவர்கள் போன பிறகு என் பச்சைப் பெட்டியைத் தூக்கி அந்தக் காலிக் கட்டிலின் மேல் வைத்தேன். கட்டில் காலி இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ள ஒரு வசதி.

படிப்பு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்தாள். பாதையை அகலமாக்குகிறோம் என்று அந்த வருஷக் கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். அப்புறம் பஸ். விடிவதற்குள் கிளம்பி, கடலூருக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி ஏறிச் சிதம்பரத்துக்கு ஒரு பஸ், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர் ஊராக நின்று வரும். முதல் பீரியடுக்குப் பத்து நிமிஷம் தாமதமாகும். வெளியே நிறுத்திவிடுவார்கள். நான் அவளுக்கு அக்காதானே, ஒரு நாளாவது போய்ப் பேசினேனா? அவளைப் பார்க்காமலிருக்க நூலகத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். 2007ல் படிப்பை முடித்து, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன்.

இதற்கு மேல் அவள் செய்ததெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது பாதி கேள்விப்பட்டது, பாதி ஒளிந்து நின்று பார்த்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் எனக்கு வேலை. காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்ப்பேன். வெளியூரிலிருந்து வந்து போகிற பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு நிற்பாள். அவர்களுக்காகப் பேசி முதல் பீரியடில் பத்து நிமிஷம் சலுகை வாங்கினாள். புதுப் பிள்ளைகளை வரவேற்கும் மேசையைச் சிதம்பரத்தில் மட்டுமில்லாமல் கடலூரிலும் போட்டாள். அவளைக் கண்டால் நான் பேப்பர் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். மூன்று தடவை அப்படி நின்றிருக்கிறேன். கடைக்காரர், "இன்னாம்மா, கடன்காரனா?" என்று கேட்டார்.

2008ல் பஸ் பிள்ளைகளின் ஓட்டில் பேரவைச் செயலாளராக ஜெயித்தாள். நான் உட்கார்ந்த அதே நாற்காலி. அவள் செய்த முதல் காரியம், வரவேற்பு விழாவில் யார் பெயரையும் எந்த உதவிக்காகவும் மைக்கில் வாசிக்கக் கூடாது என்ற தீர்மானம். இரண்டாவது, பழுப்புக் கவர். கல்லூரியில் சேர்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், அது யாராக இருந்தாலும், ஒரே மாதிரிக் கவர். எல்லா உதவித்தொகைப் படிவமும், பஸ் பாஸ் படிவமும், வங்கிக் கடன் படிவமும் அதற்குள் இருக்கும். வேண்டியதை எடுத்து நிரப்பி, மூடிய கவரைத் திருப்பிக் கொடுத்தால் போதும். வேண்டாதவர்களும் வெற்றுப் படிவங்களோடு அதே கவரைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். யார் எதை நிரப்பினார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எவ்வளவு சின்ன ஏற்பாடு. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். எனக்குக் கவர் தேவைப்படவில்லை, அதனால் தோன்றவில்லை.

பிறகு அவள் அரசுத் தேர்வு எழுதி, கடலூரில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனாள். ஆனாலும் வருஷா வருஷம் சேர்க்கை நாளில் விடுப்புப் போட்டுவிட்டு உங்கள் மேசையில் வந்து உட்காருவாள் என்று கேள்வி.

எனக்குக் கவர் தேவைப்பட்ட நாளும் வந்தது. 2011 டிசம்பர்க் கடைசியில் தானே புயல் அடித்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தோப்பில் ஒரு பலாவாவது நிற்கிறதா என்று அப்பா விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துவிட்டார். முந்திரி அத்தனையும் வேரோடு சாய்ந்துவிட்டது. அடுத்த ஜூலையில் என் தங்கை எழிலரசியை நம் கல்லூரியில் சேர்க்க அழைத்து வந்தேன். புயலால் பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்றார்கள். அதைக் கேட்டு வாங்கத்தான் வந்தோம். நாலு பேர் மதிக்கிற குடும்பம் என்று முதலில் எழுதினேனே, அதுதான்.

வரிசையில் நிற்கும்போது எழிலரசி என் காதோரம் கேட்டாள். "அக்கா, பேரக் கூப்ட்டுக் குடுப்பாங்களா? எங்க ஸ்கூல் பசங்க எல்லாம் நிக்குதுங்க."

மேசையில் இருந்த பெண் இருவருக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்து, பழுப்புக் கவரை நீட்டினாள். முன்னால் நின்றவளுக்கும் அதுதான், பின்னால் நின்றவளுக்கும் அதுதான். எழிலரசி கவரைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுலயே இருக்குதுக்கா" என்று பெருமூச்சு விட்டாள்.

மேசையோரம் இன்னொரு கட்டுக் காகிதம் இருந்தது. பழைய செயலாளர் புத்தி, கை சும்மா இருக்காமல் ஒன்றை எடுத்துப் படித்தேன். மூன்றாம் ஆண்டுப் பெண்களுக்கான படிவம். உங்கள் அறையில் காலிக் கட்டில் உள்ளதா? புதிய மாணவி கேட்டால் தருவீர்களா? இல்லையென்றால் காரணத்தை உங்கள் கையால் எழுதவும். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி அச்சாகியிருந்தது. 'வார்டன் அனுமதிக்கவில்லை என்று எழுதினால், வார்டனின் கையெழுத்து கட்டாயம்.'

அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன்.

"இந்தக் கடைசி வரி எதுக்கும்மா?" என்று மேசைப் பெண்ணைக் கேட்டேன்.

"அது எங்க இசை அக்கா போட்டதுக்கா. வார்டன் வேணாங்கறாங்கன்னு சும்மா சொல்லிடறாங்களாம். அக்காவே மொத வருஷத்துல, ஹாஸ்டல வுட்டுப் போறதுக்கு முன்னால, வார்டன்கிட்ட போய்க் கேட்டாங்களாம், அவுங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாம்."

அப்படியானால் அன்றைக்கே அவள் ராசம்மாள் மேடத்திடம் போய்க் கேட்டிருக்கிறாள். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான், நான் போராடினேன் என்று தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என்னைக் கும்பிட்டபோது பக்கத்தில்தான் நின்றாள். ஆறு வருஷமாக, யாருக்கும் தெரியாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பொய், வருஷத்துக்கு இருநூறு படிவத்தில் அச்சாகிக்கொண்டிருந்திருக்கிறது.

உள்ளறையிலிருந்து அவளே வந்தாள். மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். ஒளிய அங்கே பேப்பர் கடை இல்லை.

"அக்கா, வாங்க. நல்லாருக்கீங்களா? புயல்ல ஊருல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

"இசை, அன்னிக்கு நான் வார்டன்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு வாய் ஓடவில்லை. "நான் கேக்கவே இல்ல இசை. எங்க அம்மாவுக்குப் பயந்துக்கினு பொய் சொல்லிட்டேன்."

இதை அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னபோது, "என் பேரச் சொன்னியே, என்ன ஒரு வார்த்த கேட்டியாடி?" என்றாள். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்று கேட்டேன். அவள் எழுந்து தூக்குவாளியைக் கழுவப் போய்விட்டாள்.

மேசையோரம் நான் சொன்னதை இசைவாணி முழுக்கக் கேட்டாள். பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லாமலிருக்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. மேசைப் பெண் எழுதி நீட்டிய எழிலரசியின் அறைச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"தங்கச்சிக்கு நாலாம் நம்பர் ரூம் வந்திருக்குதுக்கா. மூணாம் வருஷப் பொண்ணு ஒண்ணு கட்டில் குடுத்திருக்குது. ஜன்னலோரக் கட்டில். நல்ல வெளிச்சம், காத்து வரும்."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் அந்த ரூமுக்குள்ளயே வந்ததில்லையே" என்றேன். வாசல்படியோடு திருப்பி அனுப்பியவள் நான்தானே.

"பஸ் ஸ்டாப்புலேர்ந்து க்ளாசுக்கு அந்த ஜன்னல் பக்கமாதானேக்கா தெனம் நடந்து வருவேன்" என்றாள் இசைவாணி. "வருஷம் பூரா ஒங்க பச்சப் பொட்டி அது மேலதான் இருந்துச்சு."